போஜொலே சிவப்பு ஒயின்: எதோடு குடிப்பது, எவ்வளவு குளிரவைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே விளையும் போஜொலே ஒயினைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே பேசுவதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

போஜொலேங்கிறது திராட்சையோட பேரா, ஊரோட பேரா?

பகுதியின் பெயர். வடக்கே மாக்கோன், தெற்கே லியோன், இரண்டுக்கும் நடுவே சோன் ஆற்றின் மேற்குப் பக்கம் உள்ள குன்றுகள்தான் போஜொலே. அங்கே சிவப்பு ஒயினுக்குப் பயிராகும் திராட்சை கமே. தோல் கறுப்பு, சாறு வெளுப்பு. 1395இல் பர்கண்டியை ஆண்ட பிரபு பிலிப், இந்தக் கொடியைத் தன் நிலங்களிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் அவ்வளவாகச் சோபிக்காத கமே, தெற்கே போஜொலேயின் கிரானைட் மண்ணில் தன் இடத்தைக் கண்டுகொண்டது.

இந்த ஒயினின் இரண்டு குணங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, துவர்ப்பு குறைவு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின்தான் வாழைப்பூவைக் கடித்தாற்போல நாக்கை இழுத்துப் பிடிக்கும். போஜொலேயில் அது மென்மையாக இருக்கும். இரண்டு, புளிப்பு தூக்கல். கீழே சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

பாட்டில்ல மொர்கோன்னுதான் போட்டிருக்கு, போஜொலேன்னு எங்கேயும் இல்லையே. கடைக்காரர் மாத்திக் கொடுத்துட்டாரா?

இல்லை, சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். போஜொலேயில் மூன்று படிகள் உண்டு. அடிப்படை, போஜொலே என்று மட்டும் எழுதப்பட்டது. பெரும்பாலும் தெற்கின் களிமண், சுண்ணாம்பு நிலங்களிலிருந்து வருவது. அடுத்தது போஜொலே வில்லாஜ், 38 ஊர்களுக்கு உரியது. அதற்கு மேலே பத்து 'க்ரூ'க்கள், அதாவது தனிப்பெயர் பெற்ற விளைநிலப் பகுதிகள். இவை தங்கள் பெயரிலேயே விற்கப்படுகின்றன. லேபிளில் போஜொலே என்ற சொல் இல்லாமலே போகலாம்.

அந்தப் பத்து, வடக்கிலிருந்து தெற்காக: சேந்தமூர், ஜூலியேனா, ஷேனா, மூலான்-ஆ-வான், ஃப்ளரி, ஷிரூப்ல், மொர்கோன், ரேஞியே, ப்ரூயி, கோத் த ப்ரூயி. இவற்றில் பரப்பில் பெரியது ப்ரூயி, சிறியது ஷேனா. கடைசியாகச் சேர்ந்தது ரேஞியே, 1988இல். கடையில் நிற்கும்போது எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாதென்றால் இவ்வளவு போதும்: ஷிரூப்ல், ஃப்ளரி, ப்ரூயி இலேசானவை, பூவாசம் கொண்டவை, மொர்கோன், ஜூலியேனா, ஷேனா, மூலான்-ஆ-வான் கனமானவை, வாயில் அடர்த்தியும் துவர்ப்பும் சற்றுக் கூடியவை.

நவம்பர்ல ஊரெல்லாம் கொண்டாடுவாங்களே, அதுதானே இது?

அது போஜொலே நூவோ, அதாவது புது ஒயின். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ பறித்த திராட்சை, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வந்துவிடும். 1985இலிருந்து இந்தக் கிழமைக் கணக்கு. அதற்கு முன் நவம்பர் 15 என்று தேதிக் கணக்கு இருந்தது. போஜொலே, போஜொலே வில்லாஜ் இரண்டிலிருந்து மட்டுமே நூவோ செய்யலாம். க்ரூக்களில் நூவோ கிடையாது.

நூவோவை ஒரு தடவை குடித்துவிட்டு "போஜொலே எனக்குப் பிடிக்காது" என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். புதுச் சாற்றின் குதூகலம் நூவோவின் அழகு. நல்ல மொர்கோனுக்கு அது மாற்றில்லை, மொர்கோனும் அதற்கு மாற்றில்லை.

சிவப்பு ஒயின்ல வாழைப்பழ வாசனை வருது. எசன்ஸ் ஏதாவது கலக்கறாங்களா?

எதுவும் கலப்பதில்லை. காரணம் செய்முறையில் இருக்கிறது. மற்ற இடங்களில் பழத்தைக் காம்பிலிருந்து பிரித்து நசுக்கிப் புளிக்கவைப்பார்கள். போஜொலேயில் குலையை முழுசாகவே தொட்டியில் கொட்டுவது மரபு. மேலே இருக்கும் எடையில் அடிக்குலைகள் நசுங்கிச் சாறு விட்டுப் புளிக்கத் தொடங்கும். அதிலிருந்து எழும் கரியமில வாயு தொட்டியை நிறைக்கும். காற்றில்லாத அந்த நிலையில், மேலே முழுசாக இருக்கும் பழங்கள் தங்கள் தோலுக்குள்ளேயே மெல்லப் புளிக்கும். பழவாசம் கூடும், விதை நசுங்காததால் துவர்ப்பு அவ்வளவாக இறங்காது.

நூவோவுக்கு இது நாலைந்து நாளில் முடிந்துவிடும். க்ரூக்களைப் பத்து நாளுக்கு மேலும் ஊறவிடுவார்கள். வாழைப்பழ வாசனையைத் தருவது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருள். புளிப்பின்போது ஈஸ்ட்டே அதை உண்டாக்குகிறது. அதைக் கூடுதலாகத் தரும் ஈஸ்ட் வகைகளும் உண்டு. சில நூவோக்களில் அந்த வாசனை முன்னால் வந்து நிற்பது அதனால்தான். க்ரூக்களில் செர்ரி, ராஸ்பெர்ரி, பியோனிப் பூ, மிளகு என்று வாசனை வேறு பக்கம் போகும்.

சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜ்ல வைக்கவே கூடாதுன்னு சொல்றாங்களே?

போஜொலேயைக் குளிரவைக்கத்தான் வேண்டும். நூவோ, சாதாரண போஜொலே, வில்லாஜ்: 12 முதல் 13 டிகிரி. இலேசான க்ரூக்கள்: 13 முதல் 14. மூலான்-ஆ-வான், வயதான மொர்கோன்: 15, 16. 'அறை வெப்பம்' என்ற பழைய பேச்சு, சூடேற்றும் கருவி இல்லாத காலத்துக் கல்வீட்டு அறையைக் குறித்தது. 25 டிகிரி அறையில் வைத்த போஜொலேயில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், புளிப்பின் துடிப்பு அடங்கி ஒயின் தொளதொளவென்று ஆகிவிடும்.

வெளியே இருந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால், வாளியில் பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் போட்டுக் கழுத்துவரை முக்கினால் 10, 15 நிமிடம் போதும். வெறும் ஐஸ்கட்டி மட்டும் போட்டால் நேரம் கூடும், ஏனென்றால் கட்டிகளுக்கு நடுவே இருக்கும் காற்று குளிரைக் கடத்தாது. இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டிலென்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். கிளாசில் ஊற்றிய பிறகு இன்னும் இரண்டு மூன்று டிகிரி தானாக ஏறும். 5 டிகிரியில் நேராக ஊற்றினால் வாசனை மூடிக்கொள்ளும், புளிப்பு மட்டும் தனியாக நிற்கும்.

இதோட என்ன சாப்பிடறதுன்னு சுருக்கமாச் சொல்லுங்க.

கொழுப்பும் உப்பும் உள்ளது எதுவும். முதல் பதிலில் சொன்ன புளிப்பு, வாயில் படிந்த கொழுப்பை ஒவ்வொரு மிடறிலும் கழுவிவிடும். துவர்ப்பு குறைவாக இருப்பதால், போர்தோவின் கனத்த ஒயின்களைப் போல இதற்குப் பெரிய மாட்டிறைச்சித் துண்டு துணைக்கு வேண்டியதில்லை. கோழி, பன்றி, முட்டை, காளான் போதும். ஒத்துவராதது இனிப்பு. கேக்கோடும் சாக்லேட்டோடும் குடித்தால் ஒயின் வெறும் புளித்தண்ணீர் போலத் தோன்றும்.

லியோன்காரங்க நிஜமா இதோட என்ன சாப்பிடுவாங்க?

ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகளோடு மூன்றாவதாக போஜொலே ஆறும் லியோனில் ஓடுகிறது என்பது அந்த ஊர்ச் சொலவடை. 'பூஷோன்' எனப்படும் சிறிய உணவகங்களில் அதை 'போ' என்ற 46 சென்டிலிட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். அடிக்கண்ணாடி தடித்த, கனத்த பாட்டில் அது. கூட வருவது பெரும்பாலும் பன்றி: மெல்லிதாக நறுக்கிய ரோசெத் என்ற உலர்ந்த தொத்திறைச்சி, கிரத்தோன் என்ற மொறுமொறுவென்று பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள், சோசிசோன் என்ற தடித்த தொத்திறைச்சியை வேகவைத்ததும் எண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கும். கன்றின் குடலில் செய்யும் தொத்திறைச்சியான அந்தூயேத்துக்கு வெள்ளை ஒயினோ கடுகுச் சாந்தோ சேர்ப்பார்கள். அதன் முடைவாசத்தை போஜொலேயின் பழவாசம் அழகாகத் தாங்கும்.

சோசிசோனை வீட்டில் வேகவைப்பவர்கள் செய்யும் தவறு இரண்டு: கொதிக்கும் தண்ணீரில் போடுவது, முள்கரண்டியால் குத்துவது. குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மெல்லச் சூடேற்றி, குமிழி லேசாக எழும் நிலையிலேயே 35, 40 நிமிடம் வையுங்கள். கொதித்தால் தோல் வெடிக்கும், குத்தினால் சாறெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். போஜொலே கிராமங்களில் குளிர்காலத்தில் இன்னொரு முறை உண்டு. ஒயின் பிழிந்தபின் மிஞ்சும் திராட்சைச் சக்கையைக் காய்ச்சி வடிக்கும்போது, அதன் ஆவியிலேயே சோசிசோனை வேகவைப்பார்கள். சக்கையின் வாசனை இறைச்சிக்குள் இறங்கிவிடும். அந்தப் பக்கம் போக வாய்த்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

லியோன் சாலடும் இதே மேசைக்குரியது: கசப்புக் கீரை, வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள், மேலே வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை. மேலே ஊற்றும் எண்ணெய்க் கலவையில் வினிகர் அதிகமானால் ஒயின் சப்பென்றாகும். நாலு பேருக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்புன்னு ஒரு விதி இருக்கே?

சிவப்பு ஒயினோடு கடல்மீன் சேரும்போது சில சமயம் வாயில் துருப்பிடித்தாற்போல ஒரு சுவை தட்டும். அந்த விதி வந்தது அதனால். போஜொலேயில் ஆபத்து குறைவு, ஆனால் முழுக்க இல்லாமலில்லை. தணலில் சுட்ட சால்மன், டூனா, தக்காளியில் வெந்த காட் மீன் இவற்றோடு 12 டிகிரியில் ஒரு ஷிரூப்ல் நன்றாகப் போகும். சிப்பி, மத்தி, அவித்த வெள்ளை மீனுக்கு வேண்டாம். லியோனின் புகழ்பெற்ற மீன் கொழுக்கட்டையான கெனெலுக்கும் வெள்ளைதான் சரி. போஜொலேயிலேயே ஷார்தொனே திராட்சையில் வெள்ளை ஒயின் செய்கிறார்கள்.

எந்த சீஸ் வாங்கட்டும்?

ஆட்டுப்பால் சீஸ்: அக்கம்பக்கத்து ஊர்களின் மாக்கோனே, ஷரொலே. பசும்பாலில் என்றால் சேன்-மார்செலேன். உள்ளங்கையில் அடங்கும் வட்டம், நன்றாகக் கனிந்தால் கரண்டியால் அள்ளும்படி இருக்கும். நீலப்பூசண சீஸ் வேண்டாம், அதன் உப்பும் காரமும் கமேயை அடித்துப்போட்டுவிடும்.

நாங்க சைவம். எங்களுக்கு இதோட சாப்பிட என்ன இருக்கு? அப்புறம், ஒயினே சைவமா?

லியோனில் 'செர்வெல் த கனு' என்றொரு தயிர்ச்சாந்து உண்டு. பட்டு நெய்தவர்களின் மூளை என்று பெயருக்குப் பொருள், ஆனால் உள்ளே இறைச்சி எதுவும் இல்லை. 250 கிராம் தண்ணீர் வடித்த கெட்டித்தயிர் போன்ற புதுச் சீஸ், பொடியாக அரிந்த ஒரு சின்ன வெங்காயம், வெங்காயத்தாள் போன்ற சைவ் என்ற தழையும் பார்ஸ்லியும் ஒரு பிடி, ஒரு மேசைக்கரண்டி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு. கலந்து ஒரு மணி நேரம் குளிரில் வைத்து ரொட்டியோடு சாப்பிடலாம். தயிரை வடிக்காமல் கலந்தால் தட்டெல்லாம் நீர் விட்டுவிடும். வெண்ணெயில் வதக்கிய காளான், பச்சைநிற பூய் பருப்பு சாலட், அடுப்பில் சுட்ட பீட்ரூட், பாலேட்டோடு அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு கிரத்தேன் எல்லாமே பொருந்தும். காளானோடு சற்று வயதான மொர்கோன் இருந்தால் அதற்கு ஈடில்லை.

இரண்டாவது கேள்விக்கு, பாட்டிலைப் பொறுத்தது என்பதுதான் பதில். தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின், பால் புரதம் பயன்படுத்துபவர்கள் உண்டு. எதையும் பயன்படுத்தாமல் தானாகத் தெளியவிடுபவர்களும் உண்டு. முட்டையோ பாலோ ஒயினில் தங்கியிருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஜெலட்டினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் 'வீகன்' முத்திரை உள்ள பாட்டிலை வாங்குவது அல்லது தயாரிப்பாளரிடம் கேட்பதுதான் வழி.

கோக்-ஓ-வேன், அதான் ஒயின்ல வேகவைக்கிற கோழி, செய்தேன். ஒரே புளிப்பு, கறி ஊதா நிறமாயிடுச்சு. மலிவு ஒயின் ஊத்தினதாலயா?

விலை காரணமில்லை. ஒயினைக் கொதிக்கவைத்தால் ஆல்கஹால் பறக்கும், புளிப்பு பறக்காது. வற்ற வற்ற அது செறியத்தான் செய்யும். அதனால் புளிப்பைச் சமன்செய்ய இனிப்பும் கொழுப்பும் வேண்டும். வெங்காயத்தையும் கேரட்டையும் அவசரப்படாமல் 15 நிமிடம் வதக்குவது அதற்காகத்தான். கடைசியில் 30 கிராம் குளிர்ந்த வெண்ணெயைக் கலக்குவதும் அதற்காகவே. அப்படியும் புளித்தால் ஒரு தேக்கரண்டி சர்க்கரை.

அளவு இது: 1.8 கிலோ கோழி, எட்டுத் துண்டு. ஒரு முழு பாட்டில் போஜொலே வில்லாஜ். 150 கிராம் பன்றிக்கொழுப்புத் துண்டுகள், இரண்டு கேரட், ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பல் பூண்டு, தைம், பிரிஞ்சி இலை, ஒன்றரை மேசைக்கரண்டி மைதா. துண்டுகளை ஒயினில் 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். எடுத்ததும் துணியால் ஒற்றி நன்றாக ஈரம் போக்குங்கள்; ஈரத்தோடு போட்டால் கறி வறுபடாமல் அவிந்துவிடும், ஊதா நிறம் அப்படியே தெரியும். பொன்னிறமாக வறுத்து, மைதாவையும் நிறம் மாறும்வரை கிளறி, ஊறிய ஒயினைத் தனிப் பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்காக வற்றவைத்து வடிகட்டி ஊற்றுங்கள். கோழியானால் சிறுதீயில் 50 நிமிடம். கிழச் சேவலானால் இரண்டரை மணி நேரம்வரை. மார்புத் துண்டை அரை மணியில் எடுத்துவிட்டுக் கடைசியில் சேர்க்காவிட்டால் சக்கையாகிவிடும். 200 கிராம் சின்ன வெங்காயத்தையும் 250 கிராம் காளானையும் தனியாக வெண்ணெயில் வறுத்துக் கடைசி 20 நிமிடத்தில் போடுங்கள்.

பாத்திரமும் முக்கியம். பூச்சில்லாத இரும்பு, அலுமினியம் இரண்டும் ஒயினின் நிறமியோடு சேர்ந்து குழம்பை நீலம்பாரித்த சாம்பல் நிறமாக்கும். எனாமல் பூசிய வார்ப்பிரும்பு அல்லது எவர்சில்வர் எடுங்கள். சமைத்த அதே வில்லாஜையோ ஒரு ஜூலியேனாவையோ பக்கத்தில் வைத்துக் குடிக்கலாம்.

பாரிஸ்ல லா ஷப்பேல் பக்கம் இருக்கோம். நம்ம காரச் சாப்பாட்டுக்கு இது தாங்குமா?

மற்றச் சிவப்பு ஒயின்களைவிட நன்றாகத் தாங்கும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் தூண்டிவிடும்; 14 சதவீத ஆல்கஹாலும் கனத்த துவர்ப்பும் கொண்ட ஒயின் காரக்கறியோடு நெருப்பாக எரிவது அதனால். 12.5 சதவீத போஜொலே ஒன்றை 12 டிகிரிக்குக் குளிரவைத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி, மிளகுக் கோழி வறுவல், ஈரல் வறுவல் இவற்றோடு பொருந்தும். புளி கரைத்த குழம்புக்கும் மீன்குழம்புக்கும் பொருந்தாது. சாலட் வினிகருக்குச் சொன்ன அதே காரணம்.

திறந்த பாட்டிலை எத்தனை நாள் வெச்சுக்கலாம்?

மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைத்தால் வில்லாஜும் க்ரூவும் இரண்டு மூன்று நாள், நூவோ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. பாதிக்கு மேல் காலியான பாட்டிலைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றினால் காற்று குறையும், இன்னொரு நாள் கூடும். நாள் கடந்ததைக் கோக்-ஓ-வேனுக்கு ஊற்றலாம். வினிகர் வாடை வந்துவிட்டதை ஊற்றக் கூடாது.

திறக்காம எத்தனை வருஷம் வைக்கலாம்?

நூவோ அடுத்த கோடைக்குள். சாதாரண போஜொலே ஓரிரண்டு வருடம். வில்லாஜ் மூன்றுவரை. இலேசான க்ரூக்கள் மூன்றிலிருந்து ஐந்து. கனமானவை நல்ல வருடத்தில் பத்தைத் தாண்டியும் நிற்கும். அப்படி வயதான மொர்கோனில் செர்ரிச் சாராய வாசனை வரத் தொடங்குவதைக் குறிக்க 'மொர்கோனே' என்று ஒரு வினைச்சொல்லையே அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கிறார்கள். வயதான ஒயினுக்குச் சாப்பாட்டையும் மாற்றுங்கள்: வினிகரும் கடுகும் குறையட்டும், வறுத்த வாத்து, காளான், பதமாக வெந்த மாட்டிறைச்சி வரட்டும்.

சல்ஃபைட் போடாத ஒயின்னு வாங்கினேன். கலங்கலா இருக்கு, நாக்குல லேசாக் குத்துது. கெட்டுப்போச்சா?

கலங்கலும் குத்தலும் மட்டும் இருந்தால் பயம் வேண்டாம். சல்ஃபைட் என்பது ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகப் பொருள். வடிகட்டாததால் கலங்கல். குத்தலுக்குக் காரணம், நாலாவது பதிலில் சொன்ன கரியமில வாயுவில் கொஞ்சம் தங்கியிருப்பது. ஜக்கில் ஊற்றி நன்றாகச் சுழற்றி 20 நிமிடம் வைத்தால் போய்விடும். இந்த வகை ஒயினுக்கு போஜொலேதான் தாய்வீடு. வேதியியல் அறிந்த ஒயின் வணிகர் ஜூல் ஷோவே (1907-1989) கந்தகம் சேர்க்காமல் ஒயின் செய்வதை ஆராய்ந்தார். அவர் வழியில் வில்லியே-மொர்கோன் ஊரின் மார்செல் லப்பியேர் (1950-2010) அதைத் தன் தோட்டத்தில் செய்துகாட்டினார்.

உண்மையான கோளாறு மூன்று. அழுகிய முட்டை வாடை: காற்றுப்பட வைத்தால் பெரும்பாலும் மறையும். வினிகர், நகப்பூச்சு வாடை: மறையாது. எலிவாடை: இது மூக்குக்குத் தெரியாது, விழுங்கிய பின், எச்சிலோடு சேர்ந்து புளிப்பு தணிந்ததும்தான் நாக்கின் அடியில் கிளம்பும். கிளாசை முகர்ந்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அரை நிமிடம் கழித்து முகம் சுளிப்பது இதனால்தான். கடைசி இரண்டில் எது இருந்தாலும் பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். சல்ஃபைட் இல்லாத பாட்டிலை வாங்கியதிலிருந்தே 14 டிகிரிக்குக் கீழே வைப்பது நல்லது. சூட்டில் இந்தக் கோளாறுகள் தலையெடுக்கும்.

எட்டுப் பேருக்கு விருந்து. எத்தனை பாட்டில், எந்த வரிசையில?

ஒரு பாட்டில் 75 சென்டிலிட்டர், 12.5 சென்டிலிட்டராக ஊற்றினால் ஆறு கிளாஸ். ஆளுக்கு மூன்று கிளாஸ் என்றால் நாலு பாட்டில். வண்டி ஓட்ட வேண்டியவர்களைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். ரோசெத்தும் சாலடும் வரும்போது வில்லாஜ் ஒன்று, 12 டிகிரியில். கோழி வரும்போது ஜூலியேனா அல்லது மொர்கோன் இரண்டு, 14இல். சீஸுக்கு, முதலில் ஊற்றிய வில்லாஜிலேயே இன்னொன்றை சீஸ் வருவதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். கோழி முடிவதற்குள் பதமாகிவிடும்.